வேண்டாம் அண்ணாச்சி கடையில் மைக் வாங்கப் போன கதை

தென்காசியில் வியாபாரம் நடந்துவிடக் கூடாது என்பதற்காகவே கடை திறந்து வைத்திருக்கும் ஒரே மனிதர் எங்கள் வேண்டாம் அண்ணாச்சிதான். சந்தேகம் இருக்கிறவர்கள் ரத வீதிக்குப் போய் அவரிடம் கேட்ட சாமானைக் கேட்டபடி வாங்கிக் காட்டட்டும், நான் ஒப்புக்கொள்கிறேன். கம்ப்யூட்டரும் பாட்டுச் சாமான்களும் கிடைக்கும் என்று போர்டில் போட்டிருக்கும். உள்ளே கண்ணாடி அலமாரியில் மைக், ஸ்பீக்கர், கீபோர்டு எல்லாம் பளபளவென்று அடுக்கியிருக்கும். நீங்கள் எதைக் கைகாட்டினாலும் அவர் வாயிலிருந்து வருகிற முதல் சொல் "வேண்டாம்". பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று அவருக்கு இருக்கத்தான் வேண்டும். அது என்னவென்று தெருவில் ஒருவருக்கும் தெரியாது.

நான் ஆய்க்குடிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் வேதியியல் டீச்சர். வீட்டுக்கு வந்தால் பாட்டுக் கட்டுவேன். நானே எழுதி, நானே மெட்டுப் போட்டு, நானே பாடி, லேப்டாப்பில் நானே வாத்தியங்களைச் சேர்ப்பேன். "டீச்சருக்குப் பொழுது போகல" என்று ஸ்டாஃப் ரூமில் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். பரீட்சைப் பேப்பர் திருத்தி, சமையல் செய்து, துணி துவைத்துக் காயப்போட்ட பிறகு எனக்கு மிஞ்சுகிற நேரத்தில் நான் என்ன செய்கிறேன் என்று கேட்க யாருக்கும் உரிமை கிடையாது.

அப்போது நான் கட்டிக்கொண்டிருந்தது ஒரு பஸ் பாட்டு. மெயின் ரோட்டிலிருந்து எங்கள் ஊருக்குப் பிரிகிற விலக்கில் தினமும் காலையில் ஒரு பஸ் நிற்காமல் போகும். இத்தனை பொம்பளைகள் கையை நீட்டிக்கொண்டு நிற்போம், டிரைவர் எங்களைப் பார்த்துக்கொண்டே போவார். "நில்லு நில்லு வண்டிக்காரா, நிக்குதோம்லா நாங்க இங்க" என்று தொடங்கும் அந்தப் பாட்டு. அது ஒரு தடவையாவது ஊர் காதில் விழ வேண்டும் என்று எனக்கு வெறி. அதற்காகத்தான் அண்ணாச்சி கடைப் படி ஏறினேன்.

"அண்ணாச்சி, பாட்டு ரெக்கார்டு பண்ண ஒரு நல்ல லேப்டாப் வேணும்."

"வேண்டாம். இருக்கதுக்கு என்ன சீக்கு?"

"ரொம்ப மெதுவா ஓடுது. சூடாயி கொய்யின்னு சத்தம் வேற போடுது."

"உள்ள அம்புட்டும் தூசியா இருக்கும். மூச்சு முட்டினா அதுவும் கத்தத்தானே செய்யும்? கொண்டாங்க இங்கன."

கொண்டுபோனேன். திறந்தார். உள்ளே ஓர் எறும்புக் குடும்பம் சகல சௌகரியங்களோடு இருந்தது. அவர்களைக் காலி செய்துவிட்டு, பழைய ஹார்ட் டிஸ்கைக் கழற்றி எஸ்.எஸ்.டி. மாட்டி, மெமரியைக் கூட்டிக் கொடுத்தார். முன்பெல்லாம் நான் காப்பி போட்டுக் குடித்து டம்ளரைக் கழுவி வைக்கும்போது கண் விழிக்கிற லேப்டாப், இப்போது நான் உட்காருவதற்குள் எழுந்து நிற்கிறது. இன்று வரை அதுதான் என் லேப்டாப். புதுசு வாங்கச் சொல்லுகிறவர்களோடு நான் சண்டைக்குத் தயார்.

அடுத்து மைக். வீடியோக்களில் எல்லோரும் முன்னால் தொங்கவிட்டிருக்கிற தடித்த கன்டென்சர் மைக் மீது எனக்கு ஒரு கண்.

"அதுவா? வேண்டாம். உங்க வீட்டுக்குப் பக்கத்துல என்ன இருக்கு?"

"மாவு மில்."

"எதுத்தாப்புல?"

"புரோட்டாக் கடை. கொத்து போடுவாங்க."

"அப்பம் அந்த மைக்கு மொதல்ல மில்லத்தான் கேக்கும், பொறவு கொத்தக் கேக்கும், நேரமிருந்தா ஒங்களக் கேக்கும். சவம், அதுக்குக் காது நீளம். மேடையில பாடுதவன் கையில புடிக்கான்லா, அந்த மைக்கு போதும். வாய்க்குப் பக்கத்துல வச்சுப் பாடுங்க. ஒங்க வாய மட்டும் கேக்கும், ஊர்வம்பு கேக்காது."

பின்னால் ஸ்டூலில் மதினி கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். அண்ணாச்சியின் மனைவி. பில் போடுவதற்காக அவரை உட்கார வைத்திருந்தார்கள். பில் போட ஒன்றும் இல்லாததால் வீட்டுச் சமையல் முழுவதும் கடையிலேயே தயாராகிவிடும். "இவுக கடை வைக்கல டீச்சர். சாமான் வெளிய போயிராம காவல் இருக்காக" என்றார் மதினி.

ஒரு நாள் துபாயிலிருந்து லீவில் வந்த ஒருவர் பீரோ உயரத்துக்கு ஸ்பீக்கர் கேட்டார். "ரூமு எம்புட்டு பெரிசு?" என்றார் அண்ணாச்சி. கட்டில் போட்டால் நடக்க இடம் இல்லை என்றார் அவர். "அப்பம் ஸ்பீக்கர உள்ள வச்சுட்டு, நீங்க தெருவுல நின்னுதான் கேக்கணும்" என்று சொல்லி, வெறும் ஹெட்போனோடு அனுப்பிவிட்டார். சின்ன அறையில் பெரிய ஸ்பீக்கர் வைத்தால் சுவர்தான் பாடும், பாட்டு கேட்காது என்பது அவர் கட்சி. வந்தவர் கோபித்துக்கொண்டு போனார். மறுவாரம் பேரீச்சம்பழத்தோடு வந்தார். அதையும் அண்ணாச்சி வேண்டாம் என்றார், மதினி வாங்கி வைத்துக்கொண்டார்.

அண்ணாச்சி கொடுத்த மேடை மைக்கில் பாடிப் பார்த்தால், என் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல எதிரொலித்தது. "வெறும் செவுத்தப் பாத்துப் பாடாதீய. சேல பீரோவத் தொறந்து வச்சு அதுக்குள்ள பாடுங்க. துணி எதிரொலிய முழுங்கிரும்" என்றார். நான் பட்டுச் சேலைகளுக்கு நடுவே தலையை விட்டுக்கொண்டு "நில்லு நில்லு வண்டிக்காரா" என்று உச்சத்தில் நிற்கும்போது என் வீட்டுக்காரர் உள்ளே வந்தார்.

"ஏட்டி, பீரோவுக்குள்ள எவன் வண்டி ஓட்டுதான்?"

ஒரே மூச்சில் பாடி முடித்தேன். எதிரொலி போயே போய்விட்டது.

பிறகு பார்த்தால், நான் பாடுவது ஹெட்போனில் ஒரு நொடி பிந்தி வந்து என் தாளத்தைக் கெடுத்தது. வயசாகிவிட்டது, இனிமேல் அவ்வளவுதான் என்று உடைந்து போனேன். "நீங்க பிந்தல, மிஷின் பிந்துது" என்று அண்ணாச்சி, பஃபர் என்கிற ஓர் எண்ணைக் குறைத்துக் கொடுத்தார். பாடும்போது அதைக் குறைக்க வேண்டும், பாடி முடித்து வாத்தியங்களைக் கோக்கும்போது கூட்டிக்கொள்ள வேண்டும். அவ்வளவுதான் சங்கதி. இதற்குப் போய் நான் இரண்டு நாள் அழுதிருக்கிறேன்.

அவர் சொன்னதெல்லாம் வேதம் என்று நினைத்துவிடாதீர்கள். சாரல் காலத்து ஈரத்தில் மைக் கெட்டுப்போகும், அரிசி டின்னுக்குள் புதைத்து வையுங்கள் என்றார். வைத்தேன். மைக்குக்குள் வண்டு குடியேறியதுதான் மிச்சம். வீட்டுக்காரர் உழக்கை விட்டு அரிசி அள்ளும்போது மைக் கையில் வர, "இன்னைக்கு இதத்தான் பொங்கப் போறியா?" என்றார். போய்ச் சண்டை போட்டேன். அண்ணாச்சி கொஞ்சமும் அசரவில்லை. "அது ஒங்க அரிசி சரியில்ல" என்றார். புதுச் செருப்பு டப்பாவில் வருகிற ஈரம் உறிஞ்சும் பொட்டலங்களை நானே சேர்த்து, மூடியுள்ள டப்பாவில் போட்டு மைக்கைக் காப்பாற்றினேன்.

பாட்டு முடிந்தது. வயலின், புல்லாங்குழல், வீணை, நாலு வகை டிரம், அடியில் தும்தும் என்று பேஸ் சத்தம், எல்லாம் சேர்த்து ஒரு கல்யாண விருந்தே வைத்திருந்தேன். அண்ணாச்சி ஒரு தடவை கேட்டார். "கெளம்புங்க, ஐந்தருவிக்கு" என்றார்.

எதற்கென்று தெரியாமல் நானும் மதினியும் ஆட்டோவில் ஏறினோம். சாரல் அடிக்கிறது. எண்ணெய் வழியும் உடம்போடு கூட்டம் அருவிக்குள் முண்டுகிறது. அண்ணாச்சி தலையில் ஒரு பிளாஸ்டிக் பையை மாட்டிக்கொண்டு, கைக்கு அடக்கமான ஒரு ஸ்பீக்கரை இன்னொரு பையில் சுற்றி, அருவிக்குப் பக்கத்தில் நின்று என் பாட்டைப் போட்டார். குளிக்க வந்தவர்கள் குளிப்பதை விட்டுவிட்டு எங்களைப் பார்த்தார்கள். அருவி இரைச்சலில் என் விருந்து முழுவதும் காணாமல் போயிருந்தது. எங்கேயோ ஒரு "நில்லு" மட்டும் கேட்டது.

"பாத்தியளா?" என்றார் அண்ணாச்சி. "கனத்த சத்தத்துலேருந்து கீச்சுச் சத்தம் வரைக்கும் அம்புட்டும் இந்தத் தண்ணியில இருக்கு. இதுக்கு மேல எது கேக்கோ அதான் ஒங்க பாட்டு. கேக்காததெல்லாம் ஒங்க ஆச. அதத் தூக்குங்க."

"வயலினத் தூக்க முடியாது அண்ணாச்சி."

"தூக்குங்க."

"முடியாதுன்னா முடியாது."

வயலினைத் தூக்கின வாரம் நான் அவரோடு பேசவில்லை. ஆனாலும் அருவிக்குப் போய்க்கொண்டுதான் இருந்தோம். ஒவ்வொரு தடவையும் ஏதாவது ஒன்றைப் பறிகொடுத்துவிட்டு வந்தேன். கடைசியில் என் குரல், ஒரு டிரம், வரிகளுக்கு இடையில் தலைகாட்டும் ஒரு புல்லாங்குழல், இவ்வளவுதான் மிச்சம். போனில் போட்டுப் பார்த்தால் அந்தப் பாட்டு ஆட்டோ இரைச்சலிலும் கேட்டது, டீக்கடை ரேடியோச் சத்தத்திலும் கேட்டது, மிக்சி ஓடுகிற என் அடுப்படியிலும் கேட்டது.

அந்த சீசனில் லாட்ஜ்காரர்கள் சிலர் சேர்ந்து, மெயின் அருவிக்குப் போகிற வழியில் மேடை போட்டு, உள்ளூர்க்காரர்கள் செய்த பாட்டுகளைப் போடப் போவதாகச் சொன்னார்கள். பொறுப்பு, வெளியூரிலிருந்து வந்த ஒரு ஸ்டுடியோக்காரருக்கு. பாட்டைக் கொண்டுபோனோம். எங்கே ரெக்கார்டு செய்தது என்று கேட்டார். வீட்டில் என்றேன். பீரோவுக்குள் என்று சொல்லவில்லை.

"வீட்டுல செஞ்சதெல்லாம் மேடையில நிக்காது மேடம். சரி, கடைசியில பாப்போம். நேரம் இருந்தா."

எனக்கு உச்சந்தலை வரை கொதித்தது. என்னை முந்திக்கொண்டு அண்ணாச்சி மேசையில் தட்டினார். "இந்தப் பாட்டு மேடையில கேக்கலன்னா நான் கடையச் சாத்திருதேன்!"

"இப்ப மட்டும் தொறந்தா கெடக்கு?" என்றார் மதினி.

நிகழ்ச்சி அன்று அருவியில் தண்ணீர் கொட்டியது. ஆள் உயரப் பெட்டிகளாக ஸ்பீக்கர் அடுக்கியிருந்தார்கள். "தார்ப்பாய் போடுங்க தம்பி. இங்கன சாரல் மேலேருந்து எறங்காது, பக்கத்துலேருந்து வரும்" என்று அண்ணாச்சி போய்ச் சொன்னார். மேடை அழகு கெட்டுவிடும் என்றார் ஸ்டுடியோக்காரர். முதல் பாட்டு ஓடியது. அருவி இரைச்சலுக்குள் தும்தும் என்பது தவிர ஒன்றும் புரியவில்லை. இரண்டாவது பாட்டுப் பாதியில் ஆம்ப்ளிஃபயர் நனைந்து, ஒரு தும்மல் போட்டுப் படுத்துவிட்டது. நிகழ்ச்சி முடிந்தது என்று வயரைச் சுருட்ட ஆரம்பித்தார்கள்.

நான் அங்கேயே நின்றேன். எத்தனை ஞாயிற்றுக்கிழமைகள், எத்தனை சண்டைகள். அழுதுவிடக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். அண்ணாச்சி என் கையிலிருந்த போனைப் பிடுங்கிக்கொண்டு விறுவிறுவென்று நடந்தார். பின்னாலேயே ஓடினேன். அவர் போய் நின்றது அருவிக்கரைப் போலீஸ் பூத்தில். காணாமல் போன பிள்ளைகளைப் பற்றி அறிவிக்கிற குழாய் ஸ்பீக்கர்கள் அங்கேயிருந்துதான் பேசும். ஒரு பெண் போலீஸ் உட்கார்ந்திருந்தார்.

"ஒரு பாட்டுப் போடணும்" என்றார் அண்ணாச்சி.

"பாட்டா? இது காணாமப் போனவங்களுக்குங்க."

"இது பஸ்ஸக் காணாதவங்க பாட்டு. ஆய்க்குடிப் பக்கம் விலக்குல நிக்காமப் போகுதுல்லா ஒரு பஸ்ஸு, அத ஏசுத பாட்டு."

அந்தப் பெண் நிமிர்ந்து உட்கார்ந்தார். "காலையில வருமே, அந்த பஸ்ஸா?"

"அதேதான்" என்றேன்.

"எனக்கும் நிக்காது. இன்னைக்கும் நிக்கல. போனக் கொண்டாங்க."

மைக்குக்குப் பக்கத்தில் போனைப் பிடித்துக்கொண்டு நான் உட்கார்ந்தேன். குழாய் ஸ்பீக்கருக்குக் கனத்த சத்தம் வராது. என் பாட்டில் கனத்த சத்தமே இல்லை, எல்லாவற்றையும்தான் அருவி ஏற்கெனவே வாங்கிக்கொண்டதே. "நில்லு நில்லு வண்டிக்காரா" என்று என் குரல் அந்த இரைச்சலுக்கு மேலே ஏறி நின்றது. பெண்கள் பக்கம் குளித்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஒருத்தி சிரித்தாள். இரண்டாம் தடவை "நில்லு" வரும்போது நனைந்த தலையோடு நாலைந்து பேர் கூடவே கத்தினார்கள். அண்ணாச்சியைத் தேடினேன். ஆளைக் காணோம்.

பாட்டு முடிகிற நேரத்தில், எண்ணெய் தேய்க்கிற ஆட்கள் இரண்டு பேர் அவரை ஆளுக்கொரு கையாகப் பிடித்துப் பூத்துக்கு இழுத்து வந்தார்கள். சட்டை, வேட்டி எல்லாம் சொட்டச் சொட்ட நனைந்திருந்தது.

"அம்மா, இந்தப் பெரியவர் யாரையோ தொலைச்சிட்டாரு போல. அருவிக்குள்ள நின்னுக்கிட்டு, வாரவன் போறவன் கையையெல்லாம் பிடிச்சு, 'நம்ம டீச்சர், நம்ம டீச்சர்'னு கத்துதாரு. என்னன்னு கேளுங்க."

அண்ணாச்சி என்னைப் பார்த்தார். கண்ணெல்லாம் சிவந்திருந்தது. அருவித் தண்ணீர் பட்டால் அப்படிச் சிவக்கும் என்பார், கேட்டால்.

"உங்களோட வந்தவருல்ல? யாரு இவரு உங்களுக்கு?" என்றார் அந்தப் போலீஸ்.

"எங்க அண்ணன்" என்றேன்.