செடிகளுக்கு மூச்சு கொடுத்த அலுவலகம்

மனித குலம் நெருப்பைக் கண்டுபிடித்த நாளுக்கு அடுத்தபடியாக, 2003-ஆம் ஆண்டு வேங்கிக்காலில் ஓர் அரசு அலுவலக மீன்தொட்டிக்குள் முதல் கரியமிலவாயுக் குமிழி எழுந்த நாளைத்தான் சொல்ல வேண்டும். எந்த அலுவலகம் என்று சொல்ல மாட்டேன். ரேஷன் கார்டுகளைப் பரிபாலிக்கும் இடம் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

அதிகாரி சாம்பமூர்த்தி தம் அறைத் தொட்டியில் நிஜச் செடிகளையே வளர்த்தார். பிளாஸ்டிக் செடி வைத்தால் மீன்களை ஏமாற்றியதாகிவிடுமாம். அந்தச் செடிகள் மஞ்சளடித்தபோது, ஓய்வுபெற்ற அறிவியல் வாத்தியாரான எனக்கு ஆள் அனுப்பினார்.

"லைட் போட்டாச்சு, உரம் போட்டாச்சு. இன்னும் என்ன சார் வேணும் இதுங்களுக்கு?"

"கரியமிலவாயு கம்மி சார்," என்றேன்.

அன்று மாலையே 'செடிகள் சுவாச மேம்பாட்டுக் குழு' உதயமாயிற்று. தலைவர் அவர், ஆலோசகர் நான், பதிவேடு எழுத்தர் சைலஜா வசம். கூல்டிரிங்க்ஸ் பாட்டிலில் சர்க்கரைத் தண்ணீரோடு பேக்கரி ஈஸ்ட்டைக் கலந்தோம். ஈஸ்ட் சர்க்கரையைத் தின்னும், வாயுவை விடும். பாட்டில் மூடியிலிருந்து தொட்டிக்கு, நோயாளிக்குக் குளுக்கோஸ் ஏற்றும் ட்யூப். தினமும் பத்து மணிக்கு சைலஜா குமிழிகளை எண்ணி, 'செடிகள் உயிருடன் உள்ளன' என்று எழுதுவாள். சாம்பமூர்த்தி பச்சை மையில் கையெழுத்திடுவார். ஞாயிற்றுக்கிழமை செடிகளுக்கும் விடுமுறை.

"இவ்ளோ சர்க்கரை ஏது சார்?" என்று கேட்டேன்.

"அரசாங்கத்துக்கு ஒரு பைசா செலவில்ல. செத்துப்போனவங்க கார்டை ரத்து பண்றோமில்ல? அவங்க பங்கு."

எனக்குப் புல்லரித்தது. இறந்தவர்களுக்கு இதைவிட இனிப்பான நினைவுச் சின்னம் யார் எழுப்பியிருக்கிறார்கள்?

இதில் ஒரேயொரு தொந்தரவு: இறந்தவர்களில் சிலர் நேரில் வந்துவிடுவார்கள். கீழ்பென்னாத்தூர் திரௌபதி அப்படி நாலாவது தடவையாக பஸ் ஏறி வந்தாள். தனியாள். கார்டில் 'இறப்பு' என்று முத்திரை விழுந்ததிலிருந்து அரிசியும் இல்லை, சர்க்கரையும் இல்லை.

"நான் சாவலைங்க ஐயா! அரிசி நின்னு நாலு மாசம் ஆச்சு. அக்கம்பக்கத்துல கடன் வாங்கித்தான் கஞ்சி காச்சறேன்."

"ஷ்! சைலஜா எண்ணிக்கிட்டிருக்காங்க."

"பதினெட்டு... பத்தொம்பது..."

"உயிரோட இருக்கறதுக்கு அத்தாட்சி கொண்டாந்தீங்களா?" என்று சாம்பமூர்த்தி ரகசியக் குரலில் விசாரித்தார்.

"நானே வந்திருக்கேனேங்க."

"நீங்க வந்தா எப்படிம்மா? பேப்பர் வரணும்."

அந்த நேரம் பார்த்து சைலஜா அலறினாள். "சார்! நின்னுடுச்சு!"

ஈஸ்ட் தன் கடமையை முடித்துக்கொண்டுவிட்டது. சாம்பமூர்த்தி வெளிறிப்போனார். "பாட்டிலைக் குலுக்குங்க! பேக்கரிக்கு யாராவது ஓடுங்க! சார், ஆலோசகர்தானே நீங்க, ஏதாவது பண்ணுங்க!"

எனக்கு மூளை ஓடவில்லை. ஓடியது திரௌபதிக்குத்தான்.

"இன்னாங்க, மூச்சுதானே வேணும்?" என்றவள் ட்யூபைப் பாட்டிலிலிருந்து பிடுங்கி, வாயில் வைத்து, நாலு மாத ஆத்திரத்தையும் சேர்த்து ஊதினாள். தொட்டி கொதித்தது. மீன்கள் மூலைக்கு ஓடின. மனிதர் வெளியே விடும் மூச்சிலும் அதே வாயு உண்டு என்று நான் ஆலோசனை வழங்கி முடிப்பதற்குள் சைலஜா அறுபதைத் தாண்டிவிட்டாள். பதிவேட்டில் 'செடிகள் உயிருடன் உள்ளன' என்றெழுதி அடியில் கோடும் போட்டாள். பச்சைக் கையெழுத்து விழுந்தது.

திரௌபதி மூச்சிரைக்க நிமிர்ந்தாள். "எண்ணிட்டீங்க இல்ல? இப்ப என் பேரையும் எழுதுங்க."

"அது வேற ரெஜிஸ்டர்ம்மா," என்றாள் சைலஜா.

சாம்பமூர்த்திக்குக் கண் கலங்கியிருந்தது. "அருமைம்மா! தினமும் பத்து மணிக்கு வந்து ஊதிட்டுப் போங்க. எவ்ளோ சர்க்கரை மிச்சமாகும் தெரியுமா?"

"அந்த மிச்ச சர்க்கரையையாவது எனக்குக் குடுப்பீங்களா?"

சாம்பமூர்த்தி அவளை மிகுந்த கருணையோடு பார்த்தார்.

"செத்துப்போனவங்களுக்குச் சர்க்கரை எதுக்கும்மா?"