மசூர் போட்ட புதிய பதிப்பு

திங்கட்கிழமை காலை கல்முனை வீடமைப்பு அலுவலகத்தில் கணினியைத் திறந்த மசூருக்கு ஒன்றுமே புரியவில்லை. இடது மூலையில் இருக்க வேண்டிய பொத்தான்கள் எல்லாம் வலது பக்கம் குடிபோயிருந்தன. நிறமும் மாறியிருந்தது. இங்கே இருந்துகொண்டே கொழும்புத் தலைமையகக் கணினிக்குள் நுழைந்து வேலை செய்ய உதவும் மென்பொருள் அது. மூன்று வருடமாக மசூர் அதோடு குடும்பம் நடத்தி வருகிறார்.

"ஸம்ஸியா, இதுக்கு என்னமோ பிடிச்சிரிக்கி," என்றார்.

அவரை அண்ணன் முறையில் காக்கா என்று கூப்பிடும் பக்கத்து மேசை ஸம்ஸியா ஒரு கடிதத்தை நீட்டினாள். "இதப் பாருங்க காக்கா. இண்டையில இருந்து புதிய பதிப்பு இல்லாட்டி கொழும்பு உள்ளுக்கு விடாதாம்."

மசூர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். சுனாமிக் கடல் வந்துபோன நாளிலிருந்து, நாலு வருடமாகத் தகரக் கொட்டிலில் கிடக்கும் மருதமுனைக் குடும்பங்கள் நாற்பத்து மூன்று. அவர்களின் பட்டியல் மாலை நாலு மணிக்குள் கொழும்புக்குப் போகாவிட்டால் அவர்களுக்கு ஒதுக்கிய வீடுகள் வேறு மாவட்டத்துக்குப் போய்விடும். வெள்ளிக்கிழமை காலையே பட்டியலை முடித்திருந்தார். இன்னொருமுறை சரிபார்க்க வேண்டும் என்றுதான் அனுப்பாமல் வைத்திருந்தார். அப்படியொரு கவனமான மனிதர் இந்தக் கரையோரம் முழுக்கத் தேடினாலும் கிடைக்கமாட்டார்.

"கொழும்புக்கு டெலிபோன் கோல் எடுப்பமா காக்கா?"

"அவனுகள்ட காலப் புடிக்கவா? நாமளே போடுவம்."

அலுமாரியைக் கிளறி, 'புதிய பதிப்பு' என்று ஒட்டியிருந்த ஒரு சீடியைக் கண்டெடுத்தார். கணினியில் இருந்த மென்பொருளை அடியோடு அழித்தார். பிஸ்மி சொல்லிச் சீடியை உள்ளே தள்ளினார்.

அரை மணித்தியாலத்தில் பொத்தான்கள் இடது மூலைக்கு வந்து ஒழுங்காக நின்றன. மசூரின் முகம் மலர்ந்தது.

"மாஷா அல்லாஹ். மனிசன்ட மனசறிஞ்சு செஞ்சிரிக்கானுகள். கண்ண மூடிட்டே வேலை செய்யலாம்."

ஸம்ஸியாவும் எட்டிப் பார்த்து வியந்தாள். "வடிவாத்தான் இரிக்கி காக்கா. புதுசாப் படிக்கவே தேவல்ல போல."

"அதுதான் புள்ள முன்னேற்றம் எண்டுறது."

ஒரேயொரு குறைதான். கொழும்பு உள்ளே விடவில்லை.

மசூர் அசரவில்லை. மறுபடியும் முதலிலிருந்து போட்டார். பிரிண்டர் நின்றுபோனது. பிரிண்டரைச் சரிசெய்ய எதையோ மாற்றினார். இன்டர்நெட்டும் போய்ப்போய் வந்தது. இவ்வளவுக்கும் பொறுமையை மட்டும் அவர் விடவில்லை, அதை மெச்சத்தான் வேண்டும்.

"எண்ட கம்பியூட்டர் காலையில உள்ளுக்குப் போனதே காக்கா. அதால அனுப்புவமா?"

"பழசால அனுப்பினா எழுத்தெல்லாம் குழம்பிப் போகும். அதுக்கும் புதுசப் போட்டுட்டு அனுப்புவம்."

அதற்கும் அந்தச் சீடியைப் போட்டார். இப்போது இரண்டு கணினிகளையும் கொழும்பு வாசலிலேயே நிறுத்தியது.

மணி மூன்றே முக்கால். வேறு வழியில்லாமல் கொழும்புக்கு எடுத்த தொலைபேசி அடித்துக்கொண்டே இருந்தது. யாரும் எடுக்கவில்லை. மசூர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். அவருக்கு அழுகை முட்டியது.

"அந்தச் சனத்துக்கு நான் என்ன பதில் சொல்லுவன் ஸம்ஸியா?"

அவள் மறுபடியும் கொழும்பு எண்ணை அழுத்தினாள்.

காரைதீவில் ஒரு பெண்பிள்ளை பெரியவளான சாமத்தியச் சடங்குக்குப் போய்விட்டு அப்போதுதான் கடமைக்கு வந்தார் காவலாளி செல்லத்தம்பி. இருவருக்கும் தேநீரை வைத்தவர் திரையைப் பார்த்து நின்றார்.

"ஏன் சேர், பழசத் திரும்பவும் போட்டிருக்கிறீங்க?"

மசூர் நிமிர்ந்தார். "என்ன பழசு?"

"வெள்ளிக்கிழமை நீங்க எல்லாரும் ஜும்ஆத் தொழுகை எண்டு அரைநாளோட போன பிறகு கொழும்பில இருந்து ஒரு பிள்ளை கோல் எடுத்துச் சொல்லச் சொல்ல, ரெண்டு மெசினுக்கும் நான்தானே புதுசப் போட்டன்," என்றார் செல்லத்தம்பி. "சரியா வேலை செய்யுதோ எண்டு பாக்க, நீங்க முடிச்சு வச்ச மருதமுனை வீட்டு லிஸ்டையும் அப்பவே அனுப்பிட்டம்."