கலாவின் புத்தி வளர்ச்சி சம்பந்தமாக

திருவண்ணாமலை,
ஆவணி, 1978.

அன்பும் மரியாதையும் கலந்த மச்சான் சக்கரபாணி அவர்களுக்கு, உங்கள் தங்கை கஸ்தூரியின் புருஷன் ஆதிமூலம் பயந்துகொண்டே எழுதுவது. எல்லோரும் சுகம் என்று ஆரம்பிப்பதுதான் முறை. கஸ்தூரி சுகம், கறவை மாடு சுகம், மழை கம்மி. உங்கள் மருமகள் கலாவைப் பற்றித்தான் அந்த வார்த்தையை எழுதக் கை வரவில்லை.

ரமணாசிரமம் பக்கம் அறை எடுத்துத் தங்கியிருக்கிற சரோஜா என்ற பெண், பட்டணத்தில் ஏதோ ஒரு கல்லூரியில் ஆராய்ச்சி செய்கிறாளாம். மனுஷனுக்குப் பிறந்ததிலிருந்து புத்தி எப்படி மாறி மாறி வளர்கிறது என்பதற்கே ஒரு படிப்பு இருக்கிறதாம். ஐந்து வயதுக் குழந்தைகளைத் தேடி எங்கள் தெருவுக்கு வந்தவளை நான்தான் முந்திரிக்கொட்டை மாதிரி, "எங்க கலாவப் பாருங்கம்மா, ரொம்பக் கெட்டிக்காரி"ன்னு உள்ளே கூப்பிட்டேன். அவள் இரண்டு குட்டை டம்ளரில் ஒரே அளவு தண்ணீர் ஊற்றினாள். சமம் என்றாள் கலா. அதில் ஒன்றைக் குழந்தையின் கண்ணெதிரிலேயே ஒல்லியான உயர டம்ளரில் ஊற்றிவிட்டு, "இப்ப எதுல ஜாஸ்தி?" என்று கேட்டாள். கலா கொஞ்சமும் யோசிக்காமல், "ஒசரமா இருக்கறதுல" என்றாள். மச்சான், நான் ஊரார் நிலத்தையெல்லாம் அளந்து கொடுக்கிற சர்வேயர். என் பெண்ணுக்கு ஒரு டம்ளர் தண்ணீர் பிடிபடவில்லை. அந்தப் பெண்ணோ சிரித்துக்கொண்டே எதையோ எழுதிக்கொண்டு, "அடுத்த வாரம் வரேங்க" என்று போய்விட்டாள். எழுதிக்கொண்டே சிரித்தால் என்ன அர்த்தம்? எங்கள் ஆபீசில் மேலதிகாரி அப்படிச் சிரித்தபோதெல்லாம் யாருக்காவது மாற்றல் வந்திருக்கிறது.

அண்ணாமலையாரிடமே முறையிட்டுவிடலாம் என்று ஞாயிற்றுக்கிழமை கலாவைத் தோளில் தூக்கிக்கொண்டு கிரிவலம் போனேன். அடி அண்ணாமலை தாண்டும்போது அவள் குனிந்து, "அப்பா, நாம நடந்தா மலையும் கூடவே வருது, நின்னா அதுவும் நின்னுக்குது" என்றாள். டம்ளர் போய் இப்போது மலையா என்று அங்கேயே நின்றுவிட்டேன். பின்னால் வந்துகொண்டிருந்த பூக்கார ராணியம்மாள், "சாமியே கொழந்த வாயால பேசுது பாருங்க!" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டு, கலாவின் காலைத் தொட்டுக் கும்பிட்டாள். அவளுக்குப் பரவசம், எனக்குக் குளிர் ஜுரம். பாக்கி தூரத்தை மலையைப் பார்க்காமலே நடந்தேன்.

பரீட்சை என்று வந்துவிட்டால் படிக்க வைக்கத்தானே வேண்டும்? வீட்டுக்கு வந்ததும் பாடம் ஆரம்பித்தேன். குளிக்க வைத்திருந்த தண்ணீரெல்லாம் டம்ளர் டம்ளராக மாறி மாறித் தீர்ந்தது. "எதுல ஜாஸ்தி?" என்று நான் கேட்க வேண்டியது, "ரெண்டும் சமம்" என்று அவள் வாய்ப்பாடு மாதிரிச் சொல்ல வேண்டியது. தப்பாகச் சொன்னால் நான் தலையில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவேன். கஸ்தூரி, "கொழந்தய உட்டுட்டு வேலைக்குப் போங்க"ன்னு கத்தினாள். பெற்ற வயிறு அவளுக்கு ஏன் பதறவில்லை என்று புரியவில்லை.

சொன்னபடி சரோஜா வந்தாள். உயர டம்ளரைக் காட்டினாள். "ரெண்டும் சமம்." எனக்குப் போன உயிர் திரும்பியது. சரோஜாவின் முகம் மாறிவிட்டது. ஒரு டம்ளரை நிறைத்து, இன்னொன்றில் ஒரு வாய்த் தண்ணீர் மட்டும் விட்டுக் கேட்டாள். "ரெண்டும் சமம்." "நீ பெரியவளா, உங்க அப்பா பெரியவரா?" "ரெண்டும் சமம்." அந்தப் பெண் சிரிப்பதையே நிறுத்திவிட்டாள். "போன வாரம் சரியாத்தாங்க இருந்தா. இந்த வயசுல எல்லாக் கொழந்தையும் தப்பாத்தான் சொல்லும், அதுதான் சரி. வளர வளரத் தானா மாறும். இப்ப என்னாச்சு இவளுக்கு?" கஸ்தூரி என்னைப் பார்த்தாள். நான் உத்தரத்தைப் பார்த்தேன்.

தப்புதான் சரி, சரிதான் தப்பு என்று படித்த பெண்ணே குழம்பிப் பேசினால், கேஸ் கைமீறிவிட்டது என்றுதானே அர்த்தம்? எனக்கு ரொம்பப் பயமாக இருக்கிறது மச்சான். சோறு இறங்கவில்லை. நாளைக்கு நாங்கள் இல்லாத காலத்தில் இவள் எண்ணெய் வாங்கப் போனால், கடைக்காரன் ஒல்லிப் பாட்டிலில் ஊற்றி ஏமாற்றிவிடமாட்டானா? இதைக் கேட்க நாதி உண்டா? ஆகவே வேலூரில் உங்களுக்குப் பழக்கமான மூளை டாக்டரிடம் பேசி, சீக்கிரமே ஒரு நாள் வாங்கிக் கொடுங்கள். காலில் விழுந்து கேட்டதாக வைத்துக்கொள்ளுங்கள்.

அக்காவுக்கு என் வணக்கம். உங்கள் பிள்ளைகள் அண்ணாமலையார் அருளால் நோய்நொடி இல்லாமல் நீடூழி வாழட்டும். அவர்களை யாரும் எந்தக் கேள்வியும் கேட்காமல் இருக்கட்டும்.

இப்படிக்கு,
கலங்கிப்போயிருக்கும்
ஆதிமூலம்

பின்குறிப்பு: உறையை ஒட்டப்போன நேரத்தில் கஸ்தூரி, "இதையும் கேட்டுட்டு ஒட்டுங்க" என்று கலாவைக் கூட்டி வந்தாள். டம்ளர்களை வைத்து, "அப்பா இங்க இல்லன்னு நெனச்சிக்கோ. எதுல ஜாஸ்தி?" என்றாள். "ஒசரமா இருக்கறதுலதான்." "அப்புறம் ஏண்டி அந்த அக்காகிட்ட சமம்னு சொன்ன?" கலா என்னை ஓரக்கண்ணால் பார்த்தாள். அம்மாவின் காதில் ரகசியம் சொல்வதாக நினைத்துக்கொண்டு, தெருவுக்கே கேட்கும்படி சொன்னாள்: "வேற மாதிரி சொன்னா அப்பா பயந்துக்குதும்மா. பாவம்."

டாக்டரிடம் நாள் வாங்குவதை நிறுத்த வேண்டாம் மச்சான். நோயாளியின் பெயரை மட்டும் ஆதிமூலம் என்று சொல்லிவிடுங்கள்.