விரதத் தாம்பாளம்

இரண்டாவது தக்காளியையும் விழுங்கிய பிறகுதான் பந்தெலிஸுக்குச் சந்தேகம் வந்தது.

தக்காளி பிரமாதமாக இருந்தது. சந்தேகமே அதுதான். ஆகஸ்ட் பிறந்ததிலிருந்து மாதாவின் திருநாளுக்காக கிரேக்கத்தின் சிஃப்னோஸ் தீவு முழுக்க விரதம். கறி கிடையாது, முட்டை கிடையாது, பாலாடைக்கட்டி கிடையாது. ஒருநாள் பீன்ஸ், கீரை, கத்தரிக்காய். மறுநாள் கத்தரிக்காய், கீரை, பீன்ஸ். அவர் மனைவி கலியோப்பி கெட்டிக்காரச் சமையல்காரிதான். ஆனால் அரிசியும் புதினாவும் அடைத்த தக்காளி, எந்தக் கை செய்தாலும், ஐம்பத்தைந்து வயது பஸ் டிரைவரின் கண்ணில் நீரை வரவழைக்காது.

மூன்றாவது தக்காளியின் மூடியைத் தூக்கி விரலால் கிளறினார். உள்ளே கொத்துக்கறி.

“கலியோப்பி, இதுல என்ன போட்ட?”

மேசை விரிப்பை நீவிக்கொண்டிருந்த கலியோப்பி திரும்பினாள். “அரிசி, வெங்காயம், புதினா. ஏன், அதுக்குள்ள கை வச்சாச்சா?”

“அப்ப இது நம்ம தாம்பாளம் இல்ல.”

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஊரே தன் தன் தாம்பாளத்தை யாகுமிஸின் ரொட்டிக்கடை விறகடுப்புக்கு அனுப்பிவிட்டுப் பூசைக்குப் போகும். பூசை முடிந்ததும் எடுத்து வரவேண்டியது மட்டுமே பந்தெலிஸின் வேலை. வழியில் காப்பிக்கடை இருந்தது. காப்பிக்கடையில் தாயக்கட்டம் இருந்தது. அவர் ரொட்டிக்கடைக்குப் போய்ச் சேர்ந்தபோது யாகுமிஸைக் காணோம். இரண்டே இரண்டு செப்புத் தாம்பாளங்கள்தான் மிச்சம். ஒன்று முன்னால் அநாதையாகக் கிடந்தது. இன்னொன்று கடைசி மூலையில், வெள்ளைத் துணி போர்த்தி, பத்திரமாக இருந்தது. தன் மனைவிக்கு ஊரில் இருக்கும் மரியாதையை நினைத்துப் பெருமைப்பட்டு, மூலையில் இருந்ததைத் தூக்கி வந்துவிட்டார்.

“எல்லாத் தாம்பாளமும் ஒரே மாதிரிதானே இருக்கு? தக்காளி, குடமிளகா, நடுவுல உருளைக்கிழங்கு. நான் எதைக் கண்டேன்?”

“உங்க மூஞ்சியும் பஸ் ஸ்டாண்டுல நிக்கிற அத்தனை ஆம்பளைங்க மூஞ்சி மாதிரிதான் இருக்கு. நான் என்னைக்காவது மாத்திக் கூட்டிட்டு வந்தேனா?”

பந்தெலிஸ் மூன்றாவது தக்காளிக்கு மூடியைத் திரும்ப வைத்தார்.

சாதாரண ஞாயிறாக இருந்தால் கதவைச் சாத்திக்கொண்டு சாப்பிட்டுவிட்டு, பிறகு வருத்தப்பட்டிருக்கலாம். ஆனால் அன்று சம்பந்தி வீட்டார் விருந்துக்கு வருகிறார்கள். சம்பந்தி வேறு யாருமில்லை, ஊர்ப் பாதிரியார் திமியோஸ் சாமி. அங்கே பாதிரியார்களுக்குக் கல்யாணம் உண்டு; அவர் மனைவி அர்கிரோவை ஊரே சாமியம்மா என்றுதான் கூப்பிடும். சாமிக்கு வேதம் தெரியும். எது பாவம் என்பது சாமியம்மாவுக்குத்தான் தெரியும். போன வருஷம் விரதத்தில் தபால்காரர் மீசையில் ஒட்டியிருந்த பாலாடைக்கட்டித் துணுக்கைக் கண்டுபிடித்து, கோயில் வாசலிலேயே நிற்க வைத்துக் கேட்டவள்.

அவர்கள் மகனுக்கும் பந்தெலிஸின் மகள் மிர்த்தோவுக்கும் கல்யாணம் பேசியாகிவிட்டது. ஒன்றே ஒன்றுதான் இழுபறி. மகளுக்கென்று மாடியில் வீடு கட்டி, ஜன்னலுக்கு நீலப் பெயிண்டும் அடித்து வைத்திருந்தாள் கலியோப்பி. மருமகள் தன்னோடுதான் இருக்கவேண்டும் என்று சாமியம்மா ஒற்றைக்காலில் நின்றாள். இன்றைய விருந்தில் அதைத்தான் பேசவேண்டும்.

“ஓடிப்போய் நம்மளோடதை எடுத்துட்டு வாங்க” என்றாள் கலியோப்பி.

பந்தெலிஸ் ஓடினார். ரொட்டிக்கடையில் பூட்டுத் தொங்கியது. வயிற்றில் இரண்டு தக்காளிப் பாவத்தோடு மேட்டில் ஏறித் திரும்பி வந்தார்.

அதற்குள் கலியோப்பி கரண்டியும் கையுமாகத் தயாராக இருந்தாள். “அடைச்ச தக்காளின்னு சொல்லித்தான் கூப்பிட்டிருக்கேன். வெறும் பீன்ஸை வச்சா அவ காலத்துக்கும் சொல்லிக் காட்டுவா. உள்ள இருக்கிறதைத் தோண்டி எடுத்துட்டு, நேத்து வேகவச்ச கீரையை அடைச்சிடலாம்.”

“கறி வாசம் போகுமா?”

“வெந்நீர்ல அலசு” என்றாள் மிர்த்தோவிடம்.

மிர்த்தோ அலசினாள். வெந்த தக்காளியை வெந்நீரில் அலசினால் என்ன ஆகும் என்பதைக் குடும்பமே அன்று கற்றுக்கொண்டது. பாதித் தக்காளிகள் சட்டை கழன்ற பிள்ளைகள்போல் நின்றன. ஓட்டைகளை உருளைக்கிழங்கு வைத்து அடைத்து, மேலே புதினாவை வைக்கோல்போல் குவித்து மூடினாள் கலியோப்பி.

தோண்டிய கறியை எலுமிச்சை மரத்தடியில் புதைக்கச் சொல்லிப் பந்தெலிஸிடம் கொடுத்தாள். ஆகஸ்ட் வெயிலில் சிஃப்னோஸ் மண் பாறைக்குச் சமம். ஒரு கொத்து கொத்திப் பார்த்துவிட்டு, சுவர் ஓரமாகக் கொட்டினார். ஒரு பூனை வந்தது. அது தன் சொந்தபந்தங்களுக்குச் சொல்லியனுப்பியது. கொஞ்ச நேரத்தில் தீவில் இருந்த பூனைகளெல்லாம் முற்றத்தில் இருந்தன. வாசலில் பேச்சுக்குரல் கேட்கவும், கறியோடு பூனைகளையும் விறகு அறைக்குள் தள்ளித் தாழ்ப்பாள் போட்டார். மறந்துபோய், தன் செருப்பில் ஒன்றையும் உள்ளே விட்டுவிட்டார்.

“வாங்க சாமி, வாங்க சாமியம்மா” என்று ஒற்றைச் செருப்போடு வரவேற்றார்.

சாமியம்மா உட்காரும்போதே ஆரம்பித்தாள். “சம்பந்தி, முதல்ல அந்த வீட்டு விஷயத்தைப் பேசிடுவோம். என் மகன் கப்பல்லேருந்து இறங்கினா என் வீட்டுக்குத்தான் வருவான். அவன் பெண்டாட்டி அங்கதான் இருக்கணும். மாடி வீட்டை நீங்க வாடகைக்கு விடுங்க, இல்ல புறா வளருங்க.”

கலியோப்பியின் காது சிவந்தது. விறகு அறையிலிருந்து நீண்ட ஊளை ஒன்று எழுந்தது.

“அது என்ன சத்தம்?” என்றார் சாமி.

“பக்கத்து வீட்டுக்காரர் சாமி. கோயில் பாட்டுக் கத்துக்கிறாரு” என்றார் பந்தெலிஸ்.

“குரல்ல பக்தி இருக்கு. அடுத்த ஞாயிறு அனுப்புங்க.”

அதற்குமேல் தாமதிக்க முடியாமல் கலியோப்பி தாம்பாளத்தைக் கொண்டுவந்து மேசை நடுவில் வைத்தாள். சாமியம்மா ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள். தாம்பாளத்தைப் பார்த்தாள். வாய் திறந்தது திறந்தபடியே இருந்தது.

“என்ன சாமியம்மா, ஒரு மாதிரி இருக்கீங்க?”

“ஒண்ணுமில்ல. வெயில்.”

கறியை அவள் மூக்கு கண்டுபிடித்துவிட்டது என்று பந்தெலிஸுக்குப் புரிந்தது. கோயில் வாசலில் தபால்காரருக்குப் பக்கத்தில் தானும் நிற்பதுபோல் ஒரு காட்சி கண்முன் வந்தது.

சாமியம்மா தன் தட்டில் விழுந்த தக்காளியைக் கத்தியால், பாம்புப் பெட்டியைத் திறப்பதுபோல் மெதுவாகத் திறந்தாள். கீரை. அதைக் கிளறினாள். மறுபடியும் கீரை. கலியோப்பியை ஒரு பார்வை, தக்காளியை ஒரு பார்வை பார்த்துவிட்டு வாயில் போட்டுக்கொண்டாள்.

அப்போதுதான் பந்தெலிஸ் வேறொன்றைக் கவனித்தார். எல்லாவற்றையும் தோண்டியபோது, வீணாகக் கூடாதென்று ஒரே ஒரு பச்சைக் குடமிளகாயை மட்டும் தனக்கென்று தோண்டாமல் ஓரமாக வைத்திருந்தார். அழகுக்காக அதை எடுத்துத் தாம்பாளத்தின் நடுவில் வைத்துவிட்டாள் கலியோப்பி. அது இப்போது சாமியின் தட்டில் இருந்தது.

சாமி ஒரு வாய் சாப்பிட்டார். கண்ணை மூடினார். பீடத்தின் முன் நிற்கும்போதுகூட அவர் முகத்தில் யாரும் அப்படியோர் அமைதியைப் பார்த்ததில்லை.

“சம்பந்தியம்மா, இது என்ன?”

கலியோப்பி ஒரு கணத்தில் புரிந்துகொண்டாள். மேசைக்கடியில் கணவரின் தொடையில் அவள் கிள்ளிய கிள்ளில் அவர் பாதி எழுந்து உட்கார்ந்தார். “கீரை சாமி. எங்க அம்மா வீட்டுப் பழைய விரதச் சமையல். ரொம்ப நேரம் வதக்கணும்.”

“கீரை இப்படி இருந்தா நான் வருஷம் பூரா விரதம் இருப்பேன். திருநாளன்னைக்கு ஊருக்கே சமைக்கிறோம் இல்லையா, அதுல இதைத்தான் பண்ணணும். நீங்களே வந்து நின்னு பண்ணிக் கொடுங்க. அர்கிரோ, நீயும் ஒரு வாய் சாப்பிட்டுப் பாரு.”

“வேண்டாம்” என்றாள் சாமியம்மா. அவள் நெற்றியில் வியர்வை அரும்பியிருந்தது. “நீங்களும் வச்சிடுங்க. விரத நாள்ல நாக்குக்கு அடிமையாகக் கூடாது.”

சாமி வைக்கவில்லை. ரொட்டியால் தட்டைத் துடைத்தும் சாப்பிட்டார்.

முடிந்தது கதை என்று பந்தெலிஸ் தலையைக் குனிந்துகொண்டார். இதோ எழுந்து நிற்கப்போகிறாள், இதோ கேட்கப்போகிறாள், மிர்த்தோவின் கல்யாணம் இதோ நிற்கப்போகிறது.

சாமியம்மா எழுந்து நிற்கத்தான் செய்தாள். “சம்பந்தி, நான் யோசிச்சுப் பார்த்தேன். மாடி வீட்லயே புள்ளைங்க இருக்கட்டும். பொண்ணு தாய் பக்கத்துல இருக்கிறதுதான் நல்லது.”

கலியோப்பி தன் காதை நம்பவில்லை. “கல்யாணம்?”

“நீங்க சொல்ற தேதி.”

“மாதா கோயில்லயா, உங்க கோயில்லயா?”

“எங்க வேணாலும் வச்சுக்குங்க. விருந்து உங்க இஷ்டம், பாட்டுக்காரங்க உங்க இஷ்டம். ஏங்க, எழுந்திரிங்க, போகலாம்.”

“பழம் சாப்பிடலியே” என்றார் சாமி.

“வீட்ல இருக்கு.”

பந்தெலிஸ் மனைவியைப் பார்த்தார். அவள் கண்ணில் வெற்றி மின்னியது. விஷயத்தைக் கண்டுபிடித்தும், பெருந்தன்மையோடு மூடி மறைத்து, கேட்டதையெல்லாம் கொடுத்துவிட்டுப் போகும் அந்த அம்மாளைத் தாம் இத்தனை வருஷமும் தப்பாகவே நினைத்துவிட்டோமே என்று அவருக்கு நெஞ்சு உருகியது. ஒற்றைச் செருப்போடு வாசல்வரை வந்து கதவைத் திறந்துவிட்டார்.

வாசலில் ரொட்டிக்கடை யாகுமிஸ் நின்றுகொண்டிருந்தான். மூச்சு வாங்கியது. இடுப்பில் ஒரு செப்புத் தாம்பாளம் இருந்தது. பந்தெலிஸைக் கண்டுகொள்ளாமல் நேராகச் சாமியம்மாவிடம் போனான். ஆயுள் முழுக்க இரையும் அடுப்பின் முன் நின்றவனுக்குக் காது மந்தம். தன் குரலின் அளவும் அவனுக்குத் தெரியாது. ரகசியம் சொல்வதாக நினைத்துக்கொண்டு அவள் காதருகே குனிந்து, தெருக்கோடிவரை கேட்கும்படி சொன்னான்:

“சாமியம்மா, சாமிக்குத் தெரியாம வருஷா வருஷம் விரதத்துல நீங்க வைக்கிற கறித் தாம்பாளத்தை எவனோ தூக்கிட்டுப் போயிட்டான், இன்னைக்கு ஒருநாள் மிச்சம் கிடந்த இந்த வெறும் சோத்துத் தக்காளியைத் தின்னு சமாளிச்சுக்குங்க.”