கஷ்டமே இல்லாத கெமிஸ்ட்ரி

ஒரு மனிதரின் முழங்காலைத் தொடுவதற்கு முன், பென்சீன் எப்படிப் பிணைந்திருக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும். மெல்பேர்னிலுள்ள ஒரு பல்கலைக்கழகம் நீண்ட ஆலோசனைக்குப் பின் எடுத்த முடிவு இது. அங்கே படிக்கும், கிரான்பர்ன் பகுதியில் வசிக்கும் கனகேஸ்வரியின் மகள் சுலக்சனாவுக்கோ பிசியோதெரபிஸ்ட் ஆக ஆசை. விழுந்தவர்களை மறுபடி நடக்கவைக்க வேண்டும் என்ற அவளுடைய கனவில் பென்சீனுக்கு இடமே இருக்கவில்லை. விளைவாக, 2011ஆம் ஆண்டு முதல் தவணையில் கெமிஸ்ட்ரியில் கோட்டைவிட்டாள். இன்னொரு தடவை தவறினால் படிப்பே போய்விடும்.

கனகேஸ்வரி இதை ஒரு குருவிக்கும் சொல்லவில்லை. கோயிலில் யோகராணி விசாரித்தபோது, "அவளுக்கென்ன, நல்லாச் செய்யிறாள்" என்றார். யோகராணியும் அதே வகுப்பில் படிக்கும் தன் மகன் உமாசுதனைப் பற்றி அதையேதான் சொன்னார். கனகேஸ்வரி அதை அப்படியே நம்பி, வீட்டுக்கு வந்து மகளுக்கு ஏச்சுக் கொடுத்தார்.

வகுப்பில் பாதிப்பேர் தவறியதைப் பார்த்த பீடத் தலைவர் டாக்டர் ஹார்வி, கருணை கூர்ந்து ஒரு கலந்துரையாடலுக்கு ஏற்பாடு செய்தார். பாடம் கடினம் என்று ஒரு மாணவராவது நேரில் வந்து சொன்னால், இலவச மேலதிக வகுப்பு நடத்தப்படும். பெற்றோரும் சமூகமளிக்கலாம்.

காரில் போகும்போது சுலக்சனா சொன்னாள்: "அம்மா, நான் கையைத் தூக்கப்போறன். ஐ நீட் தட் கிளாஸ்."

"தூக்கு பிள்ளை. ஆனா மெதுவாத் தூக்கு."

மண்டபத்துக்குள் நுழைந்தால் கோயில் சனத்தில் பாதி அங்கே இருந்தது. முன் கதிரையில் யோகராணி.

"என்ன அக்கா, இந்தப் பக்கம்?"

"சும்மாதான். உமாசுதன் தான் படிக்கிற கம்பஸைக் காட்டுறன் எண்டு கூட்டிக்கொண்டு வந்தவன். நீங்கள்?"

"நாங்களும் சும்மாதான்."

பின்வரிசையில் மகளோடு இருந்த வரதராஜா, மாலையில் இங்கே கார் நிறுத்தக் காசு வாங்குவதில்லை என்பதால் வந்ததாக, யாரும் கேளாமலே விளக்கம் கொடுத்தார்.

டாக்டர் ஹார்வி எழுந்தார். "இந்தப் பாடம் யாருக்குக் கடினமாக இருக்கிறது? தயங்காமல் கையை உயர்த்துங்கள்."

சுலக்சனாவின் கை தோள்வரை போனது. கனகேஸ்வரி அதை எட்டிப் பிடித்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். "யோகராணி பார்க்கிறா" என்று பல்லைக் கடித்தபடி சொன்னார். யோகராணி பார்க்கவில்லை. உமாசுதனின் கையை அமுக்கிப் பிடிப்பதில் அவருக்கு வேலை சரியாக இருந்தது. மண்டபம் முழுவதும் பெற்றோர் பிள்ளைகளின் கையைப் பற்றியிருந்த காட்சி டாக்டர் ஹார்வியை நெகிழவைத்தது. இவ்வளவு பாசமான குடும்பங்களை அவர் கண்டதில்லை.

"ஒருவருக்குமே கடினமில்லையா?"

"நோ சேர். வெரி ஈசி" என்றார் வரதராஜா. கைதட்டல் எழுந்தது.

பீடம் உடனடியாகக் கூடி ஆராய்ந்தது. ஒருவருக்கும் கடினமில்லாத பாடத்தில் பாதிப்பேர் தவறுகிறார்கள் என்றால் காரணம் ஒன்றாகத்தான் இருக்க முடியும்: மாணவர்களுக்குச் சலிப்புத் தட்டிவிட்டது. ஆகவே மேலதிக வகுப்பு கைவிடப்பட்டது. கெமிஸ்ட்ரி கடினமாக்கப்பட்டது. அடுத்த தவணையிலிருந்து பிசிக்ஸும் கட்டாயம் என்று அறிவித்தார்கள்.

அறிவிப்பைப் படித்துவிட்டு சுலக்சனா அழுதாள். "ஒரு கை, அம்மா. ஒரே ஒரு கை காணும், அதுவே போதும் எண்டு சொன்னவை."

மகளின் வாழ்க்கையைத் தன் மடியில் வைத்து அமுக்கியது தானேதான் என்று கனகேஸ்வரிக்கு நன்றாகத் தெரிந்தது. உடனே கேதீஸ்வரன் மாஸ்டருக்குப் போன் எடுத்தார். மாஸ்டர் தமது வீட்டுக் கார் கராஜில் ரியூசன் நடத்துபவர்.

"மாஸ்டர், பிசிக்ஸ் படிப்பிக்க வேணும். எங்கட சுலக்சனாவுக்கில்லை. எனக்குத் தெரிஞ்ச ஒரு பிள்ளைக்கு."

"ஓம், அந்தப் பிள்ளைதானே? யோகராணி அக்காவும் எடுத்தவ, வரதராஜா அண்ணையும் எடுத்தவர், இன்னும் கனபேர் எடுத்திட்டினம். தங்கட பிள்ளையளுக்கில்லையாம், தெரிஞ்ச ஒரு பிள்ளைக்காம். ஆரோ ஒரு மொக்குப் பிள்ளைக்காக இவ்வளவு சனம் கவலைப்படுறது எனக்கு நல்ல சந்தோசம்."

"ஓம் மாஸ்டர்."

"அதுதான் கராஜுக்குள்ள ஒரு கதிரை மட்டும் போட்டிருக்கிறன். காணும்தானே?"

அடுப்படி வாசலில் சுலக்சனா வீங்கிய கண்களோடு நின்று தாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"காணும் மாஸ்டர்" என்றார் கனகேஸ்வரி.