பல்நோக்குத் திட்டம்

மனித குலம் முதலில் நெருப்பைக் கண்டுபிடித்தது. பிறகு சக்கரத்தைக் கண்டுபிடித்தது. அதன் பின் நெடுங்காலம் ஓய்வெடுத்துக்கொண்டு, எங்கள் முதியோர் இல்லத்தின் பல் துலக்கும் செயலியைக் கண்டுபிடித்தது. இந்த மூன்றாவது சாதனையில் எனக்கும் பங்கு உண்டு என்பதைத் தன்னடக்கத்தோடு தெரிவித்துக்கொள்கிறேன். நான் இந்த இல்லத்தின் துணை நிர்வாகி. கூடுதல் பொறுப்பாக, 'டிஜிட்டல் வாய்நல ஒருங்கிணைப்பாளர்'.

திட்டத்துக்குப் பெயர் வைக்க மட்டும் மூன்று கூட்டங்கள் நடந்தன. "பல்நோக்குத் திட்டம்!" என்றார் இயக்குநர். "பல பயன்களையும் நோக்கும், பல்லையும் நோக்கும்." ஐந்து நிமிடம் கைதட்டினோம்.

ஏற்பாடு எளிமையானது. நாற்பது முதியவர்களுக்கும் ஆளுக்கொரு 'அறிவார்ந்த' பிரஷ். இரண்டு நிமிடம் அசைந்தால் அதற்குத் தெரிந்துவிடும். உடனே என் அறைச் சுவரில் இருக்கும் பெரிய திரையில் ஒரு புள்ளி பச்சையாகும். உறவினர்களின் கைப்பேசியிலும் பச்சையாகும். பதினான்கு மாதங்களாக என் சுவர் வயல்வெளி போல இருந்தது.

இந்தப் பொற்காலத்தில்தான் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, பராமரிப்பாளர் சிட்டு என் அறைக்குள் வந்தாள். சுறுசுறுப்பைப் பார்த்து முதியவர்கள் வைத்த பெயர் அது.

"சார், டெய்லரம்மா நாலு நாளா சூப்பைக்கூடத் தொடல."

டெய்லரம்மா நாற்பது வருடம் தையற்கடை நடத்தியவர். நூலைப் பல்லால் கடித்தே அறுத்தவர். எழுபத்தொன்பது வயதிலும் ஆறு பல்தான் போயிருக்கிறது என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லுவார். நான் திரையைப் பார்த்தேன்.

"அவங்க பச்சைம்மா."

"ஆள் வெளுத்துப் போயிருக்காங்க சார்."

"திரையில பச்சை."

"கன்னம் வீங்கியிருக்கு."

அதற்குச் செயலியில் பட்டன் இல்லை. இருந்தாலும் நான் ஈரமில்லாதவன் அல்ல. "வீக்கம்னு ஒரு பட்டன் வைக்கச் சொல்லி எழுதறேன். அடுத்த காலாண்டுல வந்துடும்."

"அதுவரைக்கும் அவங்க இருக்கணுமே சார்."

எதிர்மறைச் சிந்தனை! டெய்லரம்மாவின் பிரச்சினையை அன்றே நிர்வாகக் குழுவில் வைத்தோம். சாப்பிடவில்லை, பேசவில்லை, பல்லோ பச்சை. ஆகவே 'மனச்சோர்வு' என்று ஒருமனதாக முடிவு செய்து, தினமும் அரைமணி நேரம் ஊக்கமூட்டும் வீடியோ காட்ட உத்தரவிட்டோம். கன்னத்தைக் கையால் தாங்கிக்கொண்டு அவர் அதைப் பார்த்தார். ஆழ்ந்து ரசிக்கிறார் என்று குறிப்பெழுதினேன்.

வெள்ளிக்கிழமை அவருடைய மகள் வந்தார். பஸ் ஓட்டுநர். டியூட்டி முடிந்து காக்கிச் சட்டையோடு நேரே வந்திருந்தார்.

"ஃபோன்ல அம்மா பேச்சு குழறுது. எங்க சார் அவங்க?"

நான் பெருமிதத்துடன் திரையைக் காட்டினேன். "அதோ, மூணாவது வரிசை, ஏழாவது புள்ளி."

அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். தவறான பக்கத்தில் முந்துகிற லாரியை அப்படித்தான் பார்ப்பார் போலும். விறுவிறுவென்று அறைக்குப் போனார். நானும் பின்னாலேயே ஓடினேன்.

"அம்மா, வாயத் திற."

மகள் கைப்பேசியின் விளக்கைப் போட்டு உள்ளே பார்த்தார். கடைவாய்ப்பல் பாதியாக உடைந்திருந்தது. ஈறு சீழ் கோத்து, நாக்கின் ஓரம் புண்ணாகியிருந்தது. கைப்பேசியை இப்படியும் பயன்படுத்தலாம் என்பது எங்கள் பயிற்சி வகுப்பில் சொல்லித் தரப்படவில்லை.

"எத்தனை நாளாம்மா இப்படி?"

"பன்னெண்டு நாளு."

"யார்கிட்டயும் சொல்லலையா?"

"சொன்னேன்டி. இந்தத் தம்பிகிட்டதான் சொன்னேன். செயலியில 'கருத்துகள்'னு ஒரு இடம் இருக்காம், அங்க போடச் சொன்னாரு." டெய்லரம்மாவின் கண்ணில் நீர் திரண்டது. "ஒரு வாய் சோறு திங்க முடியலடி."

மகளின் குரல் தணிந்தது. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. "பிரஷ் எங்க?"

நான் வாசலில் நின்ற சிட்டுவைப் பார்த்தேன். சிட்டு தரையைப் பார்த்தாள். பிறகு எங்களைச் சலவை அறைக்கு அழைத்துப் போனாள். அங்கே துணி பிழியும் இயந்திரம் கடகடவென்று ஆடிக்கொண்டிருந்தது. அதன் தலையில், ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டிய நாற்பது பிரஷ்களும் ஆடிக்கொண்டிருந்தன. ஒன்றுகூட ஈரமில்லை.

"நாப்பது பேருக்கு நாங்க ரெண்டு பேருதான்க்கா" என்றாள் சிட்டு. அவள் என்னிடம் பேசவில்லை, மகளிடம் பேசினாள். "ஒருத்தருக்குத் தேய்ச்சுவிட ரெண்டு நிமிஷம். அதுக்கு முன்னாடி வாயத் திறக்க வைக்க அஞ்சு நிமிஷம். புள்ளி பச்சையாகலேன்னா மெமோ. தேய்க்கலேன்னா மெமோ இல்ல. தப்புதான். ஆனா வீக்கத்தை நான் சொன்னேன்க்கா."

"நீ ஒருத்தியாவது சொன்னியே" என்றார் மகள்.

இந்தத் தானியங்கு முறையை நான் மனதுக்குள் வியந்துகொண்டிருந்தபோதே, அம்மாவை மகள் கைத்தாங்கலாக வாசலுக்கு அழைத்துப் போய்விட்டார். எதிர்ச்சாரியில் நான்காவது கட்டடம் பல் மருத்துவமனை. எங்கள் செயலியோடு 'இணைக்கப்படாததால்' அது எங்கள் கண்ணில் பட்டதேயில்லை. அரைமணி நேரத்தில் பல் வெளியே வந்துவிட்டது. மூன்றாம் நாள் டெய்லரம்மா குழைந்த சோறு இரண்டு தட்டு சாப்பிட்டு, உப்பு குறைவு என்று சமையற்காரரோடு சண்டையும் போட்டார். அவருடைய மனச்சோர்வு நீங்கியது வீடியோவால்தான் என்று குழு பதிவு செய்தது.

மகள் விடவில்லை. அடுத்த ஞாயிறே பல் மருத்துவரைக் கையோடு கூட்டிவந்தார். அந்த அம்மையார் ஒரு சின்னக் கண்ணாடியும் விளக்குமாக நாற்பது வாய்களையும் பார்த்தார். பதினொரு பேருக்கு வைத்தியம் தேவைப்பட்டது. இரண்டு பேரின் பல்செட் மாறிப்போயிருந்தது. மாற்றிக் கொடுத்ததும் இருவரும் சேர்ந்து சிரித்தார்கள். அவ்வளவு சத்தமான சிரிப்பு அந்தக் கூடத்தில் கேட்டு வெகுநாளாகியிருந்தது.

கடைசியில் மருத்துவர் என் எதிரே அமர்ந்து பேனாவைத் திறந்தார்.

"இதுக்கு முன்னாடி இவங்க வாயை யார் சார் பார்த்தது?"

இந்தக் கேள்விக்காகத்தான் பதினான்கு மாதம் காத்திருந்தேன். நிமிர்ந்து உட்கார்ந்து சொன்னேன்: "திட்டம் வந்த நாளிலிருந்து ஒருத்தர் வாயையும் யாரும் பார்க்கலை டாக்டர். பார்க்க வேண்டிய அவசியமே இல்லாத அளவுக்கு நாங்க முன்னேறிட்டோம்."

அவர் ஒரு சொல் விடாமல் எழுதிக்கொண்டார். தாளை என் பக்கம் திருப்பினார். அழகாகக் கையெழுத்துப் போட்டேன்.

"பாராட்டுக் கடிதமா டாக்டர்?"

"இல்ல சார், புகார். எனக்கு எப்படி எழுதறதுன்னு தெரியல. நல்லவேளை, நீங்களே சொல்லிட்டீங்க."