ஒன்பதாயிரம் வைத்த சுந்தரராமன்

நன்றாக ஓடிக்கொண்டிருப்பதை இன்னும் நன்றாக ஓட வைக்கிறேன் என்று கிளம்புகிற ஒரு வர்க்கம் உண்டு. பார்த்திருப்பீர்கள். அரைத்துக்கொண்டிருக்கிற மிக்ஸியைக் கழற்றிப் பார்ப்பார்கள், சுவர்க் கடிகாரத்தைத் தட்டிப் பார்ப்பார்கள், அடுத்தவர் போனை வாங்கி எழுத்தைப் பெரிதாக்கிவிட்டு "இப்போ எப்படி?" என்பார்கள். யார் கேட்டார்கள்? யாரும் கேட்கவில்லை.

ஸ்ரீவராகத்து சுந்தரராமன் இந்த வர்க்கத்தில் முதல் ரேங்க். வீட்டு ஃபைல்கள் எல்லாம் அவருடைய அலமாரி மேலிருக்கிற ஸ்டோரேஜ் பெட்டியில் இருக்கும். அங்கிருந்து கேபிள் வழியாக, டிவிக்குப் பின்னால் தூசி மூடிக் கிடக்கும், கேபிள்களை இணைக்கிற பழைய நெட்வொர்க் ஸ்விட்சைத் தாண்டி, மகள் மீராவின் கம்ப்யூட்டருக்கு வரும். முழுசாக வராது. ஆயிரத்தைந்நூறு பைட் கொண்ட பொட்டலம் பொட்டலமாக வரும். பொட்டலத்தை ஒன்பதாயிரமாக்கினால் வேகம் பறக்கும் என்று ஞாயிற்றுக்கிழமை ஒரு வீடியோவில் பார்த்தார். பெட்டியில் 9000 வைத்தார். மீராவின் கம்ப்யூட்டரிலும் வைத்தார். நடுவிலிருக்கும் ஸ்விட்சுக்கு அவ்வளவு பெரிய வாய் உண்டா என்று பார்த்தாரா? கிழக்கேகோட்டை பஸ் ஸ்டாண்டில் நிற்கிற டூரிஸ்ட் பஸ்ஸைச் சந்துக்குள் விட்டால் அதுவாவது மாட்டிக்கொண்டு ஹாரன் அடிக்கும். பழைய ஸ்விட்ச் பெரிய பொட்டலத்தைச் சத்தமில்லாமல் கீழே போட்டுவிடும்.

திங்கள்கிழமை காலை பதினொன்றரை. டிசைன் காலேஜுக்கு மீரா தன் படங்களை அனுப்பக் கெடு பன்னிரண்டு மணி.

"அப்பா, ஃபோல்டர் பேரெல்லாம் தெரியறது, படம் ஒண்ணும் திறக்க மாட்டேங்கறது. நீங்க எதையாவது மாத்தினேளா?"

"நானா? நெட்வொர்க் ஜோரா இருக்கு கேட்டோ. பிங் போறது பாரு."

பிங் ஏன் போகாது? அந்தப் பக்கம் ஆள் இருக்கா என்று தட்டிப் பார்க்கிற கடுகத்தனை பொட்டலம் அது; ஸ்விட்ச் வாயில் தாராளமாக நுழையும்.

அப்புறம் குற்றவாளிகளை வரிசையாகப் பிடித்தார். கேபிள், கரண்ட், நேற்றைய மழை, கடைசியில் மனைவி பாகீரதி.

"டிவிக்குப் பின்னாடி துடைச்சியா நீ?"

"அங்கே துடைச்சு ரெண்டு வருஷம் ஆச்சு."

பதினொன்று நாற்பது ஆயிற்று. மீரா நகத்தைக் கடித்தபடி திரையில் சுற்றுகிற வட்டத்தையே பார்த்தாள். இரண்டு வருஷமாக வரைந்ததெல்லாம் அந்தப் பக்கம் இருந்தது. சுந்தரராமனுக்கு ஞாயிற்றுக்கிழமை ஞாபகம் வந்தது. 'நான்தான் மாத்தினேன்.' இரண்டே வார்த்தை. சொன்னாரா?

"நீ போய் ஒரு வாய் மோர் குடிச்சுட்டு வா. நான் பாக்கறேன்."

அவள் தலை மறைந்ததும், கம்ப்யூட்டரில் 1500, பெட்டியில் 1500. படங்கள் வந்து கொட்டின. மீரா ஓடி வந்து அனுப்பினாள்; பதினொன்று ஐம்பத்திரண்டுக்கு எல்லாம் காலேஜுக்குப் போய்ச் சேர்ந்தது.

"எப்படி சரி பண்ணினேள்?" பாகீரதி காப்பியோடு வந்தாள்.

"நமக்கு இதெல்லாம் நிஸ்ஸாரம், ரெண்டு நிமிஷ வேலை."

அவசரத்தில் அவர் திரையில் மூடாமல் விட்ட பக்கத்தில், யார் எப்போது எதை மாற்றினார் என்று பெட்டி ஒழுங்காக எழுதி வைத்திருந்தது: ஞாயிறு மாலை 9000, மாற்றியவர் சுந்தரராமன். மீரா அதைப் படித்தாள். அப்பாவின் வியர்த்த நெற்றியைப் பார்த்தாள். பக்கத்தை மூடினாள்.

"தேங்க்ஸ்பா," என்றாள்.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். போன மாசம் உங்கள் வீட்டில் எதையோ சரி பண்ணி நல்ல பேர் வாங்கினீர்களே, அது யாரால் கெட்டது என்று வீட்டில் ஒருத்தருக்கும் தெரியாது என்றா நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள்?